பெல்ட் மாற்றியும் சத்தம் போகவில்லையா? புல்லியைப் பாருங்கள்

காலையில் வண்டியை ஸ்டார்ட் செய்ததும் பானெட்டுக்குள்ளிருந்து கீச்சென்று ஒரு சத்தம் வரும், ஏசியைப் போட்டால் இன்னும் கொஞ்சம் ஏறும், தெருமுனை தாண்டுவதற்குள் அடங்கிவிடும். பட்டறைக்குக் கொண்டுபோனால் பானெட்டைத் திறப்பதற்கு முன்பே "பெல்ட் போயிருக்கும் சார், மாத்திடலாம்" என்பார்கள். மாற்றுவார்கள். சில வாரம் அமைதியாக ஓடும், அப்புறம் அதே கீச். இரண்டாவது பெல்ட்டும் போட்ட பிறகுதான் யாராவது ஒருவர் ஐட்லர் புல்லியைக் கையால் சுற்றிப் பார்ப்பார்.

சத்தம் வருவது பெல்ட்டிலிருந்துதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அதைக் கத்த வைப்பது பெரும்பாலும் அது சுற்றிவரும் புல்லிகளில், அதாவது பெல்ட் ஓடும் சக்கரங்களில் ஒன்று. அதைத் தடையில்லாமல் சுற்றவிடும் குண்டு வளையமான பேரிங் தேய்ந்து இறுகியிருக்கும், அல்லது ஆட்டம் கண்டிருக்கும், அல்லது மற்ற புல்லிகளோடு நேர்கோட்டில் நிற்காமல் விலகியிருக்கும். எந்தப் புல்லி என்று தெரிகிற வரை பணத்தை வெளியே எடுக்காதீர்கள். கண்டுபிடிக்க ஒரு மணி நேரமும் ஒரு நீளமான ஸ்க்ரூடிரைவரும் போதும், மாற்றுவதும் பல வண்டிகளில் வீட்டு வாசலிலேயே முடிகிற வேலைதான்.

எஞ்சினின் ஒரு பக்கத்தில், கீழே, எஞ்சினின் முக்கியச் சுழல்தண்டான கிராங்க் ஷாஃப்டின் முனையில் ஒரு பெரிய புல்லி இருக்கும். அதில் மாட்டியிருக்கும் வரிவரியான பெல்ட்தான் (கடையில் ஃபேன் பெல்ட் என்று கேட்டாலும் இதையே எடுத்துத் தருவார்கள்) பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்நேட்டர், ஏசி கம்ப்ரஸர், நிறைய எஞ்சின்களில் வாட்டர் பம்ப் எல்லாவற்றையும் ஓட்டுகிறது. பழைய இன்னோவா மாதிரி ஹைட்ராலிக் ஸ்டீயரிங் உள்ள வண்டியென்றால் ஸ்டீயரிங் பம்பும் அதே கணக்கில் சேரும், ஸ்விஃப்ட், ஐ10 போன்றவற்றில் ஸ்டீயரிங் மின்சாரத்தில் இயங்குவதால் அது கிடையாது. இவை தவிர இரண்டு வெறும் புல்லிகள் இருக்கலாம். ஐட்லர் எதையும் ஓட்டாது, பெல்ட்டின் பாதையைத் திருப்பிவிடுவது மட்டும்தான் அதன் வேலை. டென்ஷனர் ஒரு ஸ்பிரிங் கையின் நுனியில் உட்கார்ந்துகொண்டு பெல்ட்டை எப்போதும் இழுத்துப் பிடித்திருக்கும்.

முதலில் சாவது பெரும்பாலும் இந்த இரண்டும்தான். காரணம் எளிது. இவை சின்னவை, அதனால் வேகமாகச் சுற்றுகின்றன. கிராங்க் புல்லியின் விட்டத்தில் பாதி இருக்கும் ஐட்லர், எஞ்சின் நிமிடத்துக்கு 3000 சுற்றில் ஓடும்போது 6000 சுற்று சுற்றும். உள்ளே இருப்பது ஒரு சின்ன பேரிங், அதில் தொழிற்சாலையில் அடைத்த கிரீஸ் அவ்வளவுதான், மறுபடி கிரீஸ் வைக்க வழியே கிடையாது. கிரீஸ் காய்ந்தால் குண்டுகள் வெறும் உலோகத்தில் ஓடத் தொடங்கும்.

சென்னையில் அது சீக்கிரம் காய்வதற்கு எல்லா ஏற்பாடும் இருக்கிறது. வருஷம் முழுக்க ஏசி, கத்திபாராவில் நகராமல் நிற்கும் நேரம், மே மாத வெயிலில் பானெட்டுக்குள் அடைபட்ட சூடு. மெட்ரோ வேலை நடக்கும் சாலைகளில் தினமும் போய்வருகிற வண்டிக்குத் தூசி கூடுதல். திருவான்மியூர், கொட்டிவாக்கம் பக்கம் வெளியில் நிறுத்தி வைத்து ஞாயிற்றுக்கிழமை மட்டும் எடுக்கிறவர்களுக்குக் கதை வேறு: உப்புக்காற்றில் இரும்புப் புல்லியின் மேல்பரப்பு துருப்பிடித்து உப்புத்தாள் மாதிரி ஆகிவிடும், புது பெல்ட்டைப் போட்டாலும் தேய்த்துத் தள்ளிவிடும். எல்லாவற்றையும்விட மோசம் மழைத் தண்ணீர். வேளச்சேரி, மடிப்பாக்கம், முடிச்சூர்த் தெருக்களில் முழங்கால் தண்ணீரில் ஓட்டினால் கீழே உள்ள புல்லிகள் முழுக்க மூழ்கும். பேரிங்கின் ரப்பர் சீல் தெறிக்கும் தண்ணீரைத் தாங்கும், மூழ்குவதைத் தாங்காது. போதாக்குறைக்கு, சூடாக இருந்த பேரிங் தண்ணீர் பட்டதும் சட்டென்று குளிரும்போது உள்ளே உள்ள காற்று சுருங்கி, சீல் ஓரமாகத் தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். அன்றைக்கு ஒன்றும் தெரியாது. பொங்கல் முடிந்த பிறகு கரகரவென்று ஆரம்பிக்கும், அதற்குள் மழையை எல்லோரும் மறந்திருப்போம். வாட்டர் சர்வீஸில் எஞ்சினுக்குள் நேராகப் பிரஷர் கன்னைப் பிடிப்பதும் இதே வேலையைத்தான் செய்கிறது. எஞ்சினைக் கழுவவே வேண்டாம், துணியால் துடைத்தால் போதும் என்பது என் கட்சி.

சத்தத்தைப் பிரித்துக் கேளுங்கள்

சத்தம் என்று பொதுவாகச் சொன்னால் எந்த மெக்கானிக்குக்கும் உதவாது. பெல்ட் பக்கத்திலிருந்து வருவதில் முக்கியமாக நாலு வகை உண்டு.

ஐட்லிங்கில் சிக்... சிக்... சிக் என்று தாளம் போல வந்து, ஆக்ஸிலரேட்டரைத் தொட்டால் தாளம் வேகமாகிறதா? ஏதோ ஒரு புல்லி கோணலாக நிற்கிறது, பெல்ட் ஒவ்வொரு முறையும் பக்கவாட்டில் உரசிக்கொண்டே அதில் ஏறுகிறது என்று அர்த்தம். ஏசி போடும்போதோ, ஹைட்ராலிக் ஸ்டீயரிங்கை முழுக்கத் திருப்பும்போதோ கீச்ச்ச் என்று நீளமாக இழுத்தால் பெல்ட் வழுக்குகிறது. டென்ஷன் போதவில்லை, அல்லது ஏதோ ஒரு பேரிங் இறுகி பெல்ட்டுக்குப் பிடிகொடுக்காமல் இருக்கிறது. எஞ்சின் வேகத்தோடு சேர்ந்து ஏறி இறங்கும் கரகர அல்லது உர்ர் சத்தம் நேராகப் பேரிங். இதில் தள்ளிப்போட இடமே இல்லை, அது என்றைக்காவது பிடித்துக்கொள்ளும், பெல்ட் அறுந்து விழும். நாலாவது, டக்டக் என்று அடிப்பது. இது டென்ஷனர் கை துள்ளுவதால் வரும், ஆனால் அது துள்ளுவதற்குக் காரணம் ஆல்டர்நேட்டர் புல்லியோ கிராங்க் புல்லியோகூட இருக்கலாம், அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

கண்ணுக்கும் வேலை கொடுங்கள். எஞ்சினை ஐட்லிங்கில் விட்டு, கொஞ்சம் தள்ளி நின்று டார்ச் அடித்து ஒவ்வொரு புல்லியின் விளிம்பையும் பாருங்கள். ஒன்றுமே அசையாமல் சுற்றினால் நல்லது, விளிம்பு உள்ளேயும் வெளியேயும் தள்ளாடினால் அதுதான் குற்றவாளி. செல்போனில் ஸ்லோமோஷனில் வீடியோ எடுத்தால் கண்ணுக்குத் தப்பும் தள்ளாட்டமும் தெரிந்துவிடும். பேரிங் சீலைச் சுற்றி செம்மண் நிறத்தில் பொடியோ, பிசுபிசுவென்று கிரீஸ் வழிந்த தடமோ இருந்தால் அங்கேயே பாதி விடை கிடைத்துவிட்டது. பெல்ட்டின் ஓரத்தில் நூல் பிரிந்திருந்தால் புல்லி கோணல். பெல்ட்டில் வெடிப்பு இல்லை, நன்றாகத்தான் இருக்கிறது என்று ஏமாறவும் வேண்டாம், இப்போதுள்ள பெல்ட் ரப்பர் வெடிக்காமலே டயர் மாதிரித் தேயும், வரிப்பள்ளம் அகலமாகிவிட்டதா என்றுதான் பார்க்கவேண்டும்.

எஞ்சின் ஓடும்போது கை வைப்பதற்கு முன்னால்: லுங்கி, துண்டு, துப்பட்டா, கழுத்தில் தொங்கும் ஐடி கார்டு, கையில் கட்டிய கயிறு எதுவும் பெல்ட் பக்கம் போகக்கூடாது. ரேடியேட்டர் ஃபேன் சில வண்டிகளில் சாவியை எடுத்த பிறகும் தானாக ஓடத் தொடங்கும், அதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்று சோதனைகள்

முதலாவது தண்ணீர். செடிக்குத் தெளிக்கும் ஸ்ப்ரே பாட்டிலில் வெறும் தண்ணீர் நிரப்பி, எஞ்சின் ஐட்லிங்கில் ஓடும்போது பெல்ட்டின் வரியுள்ள பக்கத்தில் ஒரு பிசிறு அடியுங்கள். சத்தம் உடனே நின்று, சில நொடியில் பெல்ட் காய்ந்ததும் திரும்பி வந்தால் புல்லி நேர்கோட்டில் இல்லை. தண்ணீர் பட்டதும் சத்தம் இன்னும் பெரிதானால் பெல்ட் தளர்ந்து வழுக்குகிறது, டென்ஷனரைப் பாருங்கள். தண்ணீருக்கு எந்த மாற்றமும் இல்லாமல் கரகர ஓடிக்கொண்டே இருந்தால் பேரிங். தண்ணீரைத் தவிர வேறெதையும் அடிக்காதீர்கள். துரு நீக்கும் ஸ்ப்ரேயைப் பெல்ட்டில் அடித்தால் சத்தம் போகும், கூடவே பெல்ட்டின் பிடியும் போகும். சோப்புக் கட்டியைத் தேய்க்கிற பட்டறைகளும் இருக்கின்றன, அது வண்டியை விற்கப்போகிறவர் செய்கிற வேலை.

இரண்டாவது ஸ்க்ரூடிரைவர். நீளமான ஒன்றை எடுத்து, அதன் நுனியை ஆல்டர்நேட்டர் உடலிலோ, ஐட்லரின் நடு போல்ட் தலையிலோ, வாட்டர் பம்ப் உடலிலோ, அதாவது சுற்றாத பாகத்தில் ஊன்றி, பிடியின் பின்பக்கத்தைக் காதோடு ஒட்டி வையுங்கள். நல்ல பேரிங் மெல்லிய ஒரே சீரான ஓசை தரும், கெட்டது மணலை அரைப்பது போலக் கேட்கும். இடத்துக்கு இடம் மாற்றி மாற்றிக் கேட்டால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். ஸ்டெதாஸ்கோப் என்று இதற்கென்றே ஒரு கருவி டூல்ஸ் கடைகளில் கிடைக்கிறது, விலையும் அதிகமில்லை. சுற்றுகிற பாகத்துக்குப் பக்கத்தில் தலையைக் கொண்டுபோகிறீர்கள் என்பதால் நிதானம் வேண்டும், கைக்கு எட்டாத கீழ்ப் புல்லிகளுக்கு இந்தச் சோதனை வேண்டாம்.

மூன்றாவதுதான் தீர்ப்பு சொல்லும் சோதனை. பெல்ட்டைக் கழற்றிவிட்டு எஞ்சினை அரை நிமிடம், அதற்கு மேல் வேண்டாம், ஓடவிடுங்கள். பெல்ட் இல்லாதபோது பல எஞ்சின்களில் வாட்டர் பம்ப் ஓடாது, சார்ஜும் ஏறாது, அதனால்தான் அரை நிமிடம். பேட்டரி விளக்கு எரியும், பயப்படவேண்டாம். சத்தம் முழுக்கப் போய்விட்டால் நோய் பெல்ட் பக்கப் புல்லிகளில் ஒன்றில்தான். போகவில்லையென்றால் எஞ்சின் வால்வுகளை நேரத்துக்குத் திறந்து மூடவைக்கும் டைமிங் செயின், உள்ளே உள்ள டைமிங் பெல்ட் டென்ஷனர் என்று வேறு இடம், அது வாசலில் செய்கிற வேலை இல்லை, நல்ல மெக்கானிக்கிடம் விடுங்கள்.

பெல்ட்டைக் கழற்றுவது எப்படி? முதலில் அது எந்தப் புல்லிக்கு மேலே, எதற்குக் கீழே போகிறது என்று ஒரு போட்டோ எடுங்கள், தாளில் வரைந்தும் வையுங்கள். சில வண்டிகளில் பானெட் அடியில் ஸ்டிக்கர் இருக்கும், பல வண்டிகளில் அது எப்போதோ உரிந்து போயிருக்கும். பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிடுங்கள், ஆல்டர்நேட்டர் பக்கம் ஸ்பேனர் போகும்போது தீப்பொறி பறக்காமல் இருக்க. ஓடவிட்டுப் பார்க்கும் நேரம் மட்டும் திரும்ப மாட்டிக்கொள்ளலாம். ஸ்விஃப்ட், ஐ20 மாதிரி வண்டிகளில் ஓட்டுநர் பக்க முன்சக்கரத்தைக் கழற்றி, உள்ளே உள்ள பிளாஸ்டிக் மறைப்பை எடுத்தால் கைக்கு இடம் கிடைக்கும். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் கை நீட்டாதீர்கள், ஸ்டாண்டு போடுங்கள், கழற்றிய சக்கரத்தையும் வண்டிக்கு அடியில் தள்ளி வையுங்கள். டென்ஷனர் கையில் ஸ்பேனர் மாட்ட ஒரு அறுகோணத் தலையோ சதுர ஓட்டையோ இருக்கும், அதை நீளமான பிடியால் திருப்பினால் பெல்ட் தளரும், மேலே உள்ள ஒரு புல்லியிலிருந்து நழுவவிட்டால் மொத்தமும் வந்துவிடும். சட்டென்று விட்டுவிடாமல் மெதுவாகத் திரும்பவிடுங்கள், ஸ்பிரிங்கின் அடி விரலுக்கு நல்லதல்ல.

பெல்ட்டைக் கழற்றிய பிறகு கையால் சுற்றுங்கள்

இங்கேதான் நேரம் செலவிடவேண்டும். ஒவ்வொரு புல்லியையும் தனித்தனியாகச் சுற்றி, ஆட்டி, கேட்டுப் பாருங்கள்.

ஐட்லர், டென்ஷனர் இரண்டையும் விரலால் ஒரு சுண்டு சுண்டுங்கள். நிறையப் பேர் தப்பாகப் புரிந்துகொள்கிற இடம் இது: நிற்காமல் பம்பரமாகச் சுற்றிக்கொண்டே இருக்கிறதே, அப்படியானால் பேரிங் சூப்பர் என்று நினைக்கிறார்கள். நேர்மாறு. கிரீஸ் உள்ள பேரிங் கொஞ்சம் பிடித்துப் பிடித்து, சத்தமில்லாமல், ஒன்றிரண்டு சுற்றில் நின்றுவிடும். கலகலவென்று சத்தத்தோடு நெடுநேரம் சுற்றுவதில் கிரீஸே இல்லை. மெதுவாகத் திருப்பும்போது விரலுக்குக் கட்டம் கட்டமாகத் தட்டுப்பட்டால் உள்ளே ஓடுபாதை குழி விழுந்துவிட்டது. அப்புறம் விளிம்பை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டுங்கள், ஆட்டம் கொஞ்சம் இருந்தாலும் மாற்றவேண்டியதுதான்.

டென்ஷனர் கையையும் தனியாகச் சோதியுங்கள். ஸ்பேனரால் முழு தூரமும் தள்ளி விடும்போது ஒரே சீராக, இறுக்கமாக நகரவேண்டும். ஒரு இடத்தில் சிக்கினாலோ, தொளதொளவென்று இருந்தாலோ ஸ்பிரிங்கும் புஷ்ஷும் போய்விட்டன, அப்போது புல்லியை மட்டும் மாற்றுவது வீண், டென்ஷனரை முழுசாக வாங்கவேண்டும்.

வாட்டர் பம்ப் புல்லியில் ஆட்டம் இருந்தால், அல்லது பம்ப் உடலில் உள்ள சின்ன ஓட்டையிலிருந்து கூலன்ட் வடிந்து காய்ந்த தடம் இருந்தால், பம்ப்பை முழுசாக மாற்றுங்கள். அதன் பேரிங்கை மட்டும் மாற்றித் தருகிறேன் என்று சொல்கிறவரிடமிருந்து வண்டியை ஓட்டிக்கொண்டு வந்துவிடுங்கள்.

ஏசி கம்ப்ரஸரில் இரண்டு பாகம் உண்டு. ஏசி அணைந்திருக்கும்போது வெளிப் புல்லி மட்டும் தனியாகச் சுற்றும், நடுவில் உள்ள கிளட்ச் தட்டு நிற்கும். ஏசி போடாதபோதும் கரகர வருகிறது, ஏசி போட்டதும் சத்தம் மாறுகிறது அல்லது நிற்கிறது என்றால் அந்தப் புல்லியின் பேரிங்தான். இது கம்ப்ரஸரை இறக்காமல், கேஸை வெளியேற்றாமல் பல வண்டிகளில் மாற்றக்கூடியது, ஆனால் கிளட்ச் தட்டுக்கும் புல்லிக்கும் இடையே அரை மில்லிமீட்டர் அளவிலான இடைவெளியைச் சரியாக வைக்கவேண்டும், ஆகவே ஏசி வேலை தெரிந்தவரிடம் கொடுங்கள். பேரிங்குக்காக முழு கம்ப்ரஸரை மாற்றச் சொன்னால் மட்டும் இன்னொரு இடத்தில் கேளுங்கள்.

ஆல்டர்நேட்டரில் வெறும் இரும்புப் புல்லி இருந்தால் வேலை சுலபம், பேரிங்கைத்தான் பார்க்கவேண்டும். பல டீசல் வண்டிகளில் ஒருவழிப் புல்லி இருக்கும்: ஒரு பக்கம் திருப்பினால் உள்ளே உள்ள ரோட்டரையும் சேர்த்துச் சுற்றும், மறுபக்கம் திருப்பினால் தனியாகச் சுழலும். டீசல் எஞ்சின் ஒவ்வொரு வெடிப்புக்கும் வேகம் ஏறி இறங்குவதால், அந்த அதிர்ச்சி பெல்ட்டுக்குப் போகாமல் இருக்க இந்த ஏற்பாடு. இரண்டு பக்கமும் இறுகியிருந்தாலும், இரண்டு பக்கமும் சுதந்திரமாகச் சுற்றினாலும் அது செத்துவிட்டது. முதலாவதில் டென்ஷனர் டக்டக்கென்று துள்ளும், இரண்டாவதில் சார்ஜ் ஏறாது. இதைக் கழற்ற உள்பல்லுள்ள தனி டூல் வேண்டும், ஆல்டர்நேட்டர் ரிப்பேர் செய்கிற எலக்ட்ரீஷியன்களிடம் அது இருக்கும்.

கடைசியாகக் கிராங்க் புல்லி, நிறையப் பேர் பார்க்காமலே விடுவது. அது ஒரே இரும்பு இல்லை, நடுப்பாகத்துக்கும் வெளி வளையத்துக்கும் இடையே ஒரு ரப்பர் அடுக்கு இருக்கும், எஞ்சினின் முறுக்கு அதிர்வை அதுதான் விழுங்குகிறது. வெயிலிலும் ஆயிலிலும் அந்த ரப்பர் வெடித்தால் வெளி வளையம் தள்ளாடும், சில நேரம் வழுக்கித் தனியாகச் சுற்றும். பரிசோதிக்க, எஞ்சின் அணைந்திருக்கும்போது வெள்ளை மார்க்கரால் நடுவிலிருந்து ரப்பரைத் தாண்டி வெளி வளையம் வரை ஒரு நேர்கோடு போடுங்கள். பெல்ட்டை மாட்டி, ஏசி போட்டு, ஒரு ரவுண்டு ஓட்டிவிட்டு வந்து பாருங்கள். கோடு உடைந்து விலகியிருந்தால் புல்லி முடிந்தது. அதை வெல்டு வைத்து ஒட்டித் தரும் ஆட்கள் இருக்கிறார்கள், ஒட்டினால் சத்தம் போகும், ஆனால் அதிர்வு நேராகக் கிராங்க் ஷாஃப்டுக்குப் போகும். புதிது வாங்குங்கள். கழற்றுவதையும் வீட்டில் முயலவேண்டாம் என்றே சொல்வேன், அந்த போல்ட் 100 நியூட்டன் மீட்டருக்கும் மேலே இறுக்கியிருப்பார்கள், பல வண்டிகளில் ஒருமுறை கழற்றினால் புது போல்ட்தான் போடவேண்டும், சில ஃபோர்டு எஞ்சின்களில் டைமிங் பல்சக்கரத்தையே அந்த போல்ட்தான் அழுத்திப் பிடித்திருக்கிறது, தெரியாமல் தளர்த்தினால் எஞ்சினின் டைமிங்கே நகர்ந்துவிடும்.

வாங்கும்போது

பெல்ட்டில் உள்ள எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். 6பிகே1120 என்றிருந்தால் ஆறு வரி, 1120 மில்லிமீட்டர் நீளம். புல்லிக்குப் பழையதைக் கழற்றிக் கவரில் போட்டுக் கையோடு எடுத்துப் போவதுதான் சரி, ஒரே மாடலுக்கு வருஷம் மாறினால் புல்லியும் மாறும். ஜி.பி. ரோட்டில் கார் ஸ்பேர் கடைகள் வரிசையாக இருக்கின்றன, ஒரிஜினலும் கிடைக்கும், வேறு கம்பெனித் தயாரிப்பும் கிடைக்கும். வண்டியின் ஆர்சி நகல் இருந்தால் சேசிஸ் எண்ணை வைத்துச் சரியான பாகத்தை எடுத்துத் தருவார்கள். பழைய வண்டிப் பாகங்கள் விற்கும் புதுப்பேட்டை? எனக்குப் புதுப்பேட்டையின் மேல் மரியாதை உண்டு, உடைந்த பிராக்கெட், தொலைந்த போல்ட், பிளாஸ்டிக் மறைப்பு எல்லாம் அங்கே போய்த் தேடுங்கள். பேரிங் உள்ள எதையும் பழசில் வாங்காதீர்கள். உங்கள் வண்டியில் தேய்ந்து போனதற்குப் பதில் இன்னொருவர் வண்டியில் தேய்ந்ததை வாங்குவதில் என்ன லாபம்?

முழுப் புல்லி வாங்குவதா, பேரிங்கை மட்டும் மாற்றுவதா என்பது அடுத்த கேள்வி. பிளாஸ்டிக் புல்லி என்றால் யோசிக்கவே வேண்டாம், பேரிங்கைச் சுற்றி வார்த்திருப்பார்கள், பிரித்தால் உடையும், முழுசாக வாங்குங்கள். இரும்புப் புல்லியில் விளிம்பை மடித்துப் பேரிங்கை அடைத்திருந்தாலும் அதே பதில். மற்றபடி இரும்புப் புல்லியின் மேல்பரப்பு வழவழவென்று இருந்தால் பேரிங்கை மட்டும் மாற்றலாம், சில நூறு ரூபாயில் முடியும், பாரிமுனை, பிராட்வே பக்கம் பேரிங் கடைகளில் எண் சொன்னால் எடுத்துத் தருவார்கள்.

எண் பேரிங்கின் சீலிலேயே இருக்கும். 6203 என்றால் உள்விட்டம் 17, வெளிவிட்டம் 40, தடிமன் 12 மில்லிமீட்டர். 6202 என்றால் 15, 35, 11. 6303 என்றால் 17, 47, 14. கடைசி இரண்டு எண்தான் உள்விட்டத்தைச் சொல்கிறது: 02 என்றால் 15, 03 என்றால் 17, 04 என்றால் 20. எண் அழிந்துபோயிருந்தால் வெர்னியர் அளவுகோலால் மூன்று அளவும் எடுங்கள், தடிமனை விட்டுவிடாதீர்கள், ஏனென்றால் சில புல்லிகளில் இதே உள்விட்டம் வெளிவிட்டத்தோடு கூடுதல் தடிமனுள்ள பேரிங் வரும், மெல்லியதைப் போட்டால் புல்லி உள்வாங்கி நிற்கும். எண்ணுக்குப் பின்னால் டூஆர்எஸ் என்றிருப்பது இரண்டு பக்கமும் ரப்பர் சீல், ஜிஜி என்று கடைக்காரர் சொல்வது, அதாவது இசட்இசட், இரும்பு மூடி. நம் ஊர்த் தூசிக்கும் தண்ணீருக்கும் ரப்பர் சீல்தான். கூடவே சி3 என்ற குறி உள்ளதைக் கேளுங்கள், சூட்டில் விரிவதற்கு உள்ளே கொஞ்சம் கூடுதல் இடம் விட்டிருப்பார்கள். மிக்ஸிக்கும் மோட்டாருக்கும் போடுகிற மலிவு பேரிங் அளவில் பொருந்தும், எஞ்சின் சூட்டில் நிற்காது. போலிகளும் நிறைய, அட்டைப்பெட்டி அச்சு மங்கலாக இருந்தாலோ விலை சந்தேகப்படும்படி குறைவாக இருந்தாலோ வேண்டாம். எஸ்கேஎஃப் பெட்டியை அவர்களுடைய சொந்த ஆப்பிலேயே சரிபார்க்கலாம்.

மாட்டும் வேலை

ஐட்லரின் நடுவில் ஒரு தூசி மூடி இருக்கும், ஸ்க்ரூடிரைவரால் நெம்பினால் வரும், அடியில் போல்ட். அதைத் தளர்த்துவதற்கு முன் எந்தப் பக்கம் மரை என்று பாருங்கள். சில டென்ஷனர், ஐட்லர் போல்ட்களில் இடது மரை இருக்கும், வழக்கமான பக்கம் பலம் கொடுத்தால் இன்னும் இறுகி, கடைசியில் தலை முறிந்துவிடும். கழற்றும்போது புல்லிக்குப் பின்னால் வாஷரோ ஸ்பேசரோ இருந்தால் அது எந்தப் பக்கம் பார்த்திருந்தது என்று போட்டோ எடுங்கள். பட்டறையில் மாற்றிய பிறகு புதிதாகச் சிக்சிக் சத்தம் வருகிற வண்டிகளில் பாதிக்கு மேல் இந்த ஸ்பேசரைத் தொலைத்ததோ திருப்பிப் போட்டதோதான் என்று நான் நினைக்கிறேன்.

பேரிங்கை மட்டும் மாற்றுகிறீர்கள் என்றால், சர்க்ளிப் (பேரிங்கை நகராமல் பிடிக்கும் வளையக் கம்பி) இருந்தால் முதலில் அதை எடுங்கள். புல்லியின் அடியில், பேரிங் விழ இடமிருக்கும்படி ஒரு அகலமான பைப் துண்டை வைத்து, மேலே பேரிங்கைவிடக் கொஞ்சம் சின்ன சாக்கெட்டை வைத்து வைஸில் (மேசையில் பொருத்தும் இறுக்குக் கருவி) இறுக்கித் தள்ளினால் பழையது வெளியே வரும். வைஸ் இல்லாதவர்கள் கிண்டி, அம்பத்தூர் எஸ்டேட் பக்கம் ஏதாவது ஒரு லேத்தில் கொடுத்தால் பிரஸ்ஸில் வைத்து நிமிஷத்தில் செய்து தருவார்கள். புதியதை உள்ளே தள்ளும்போது வெளி வளையத்தில் மட்டும்தான் அழுத்தம் படவேண்டும். பழைய பேரிங்கையே மேலே வைத்துத் தள்ளலாம், ஆனால் அது உள்ளே மாட்டிக்கொள்ளாமல் கடைசியில் எடுத்துவிடுங்கள். உள் வளையத்தில் சுத்தியலால் தட்டினால் அடி முழுக்க குண்டுகள் வழியாகப் போகும், புது பேரிங் அந்த நிமிடமே குழி விழுந்து, மாட்டும் முன்பே பழையதாகிவிடும். பேரிங்கை ஃப்ரீசரில் ஒரு மணி நேரம் வைத்துவிட்டு எடுத்தால் கொஞ்சம் சுருங்கி எளிதாக இறங்கும். தள்ளத் தேவையே இல்லாமல் கையாலேயே தொளதொளவென்று இறங்கினால் புல்லியின் ஓட்டை பெருத்துவிட்டது, பசை போட்டு ஒட்டாமல் புல்லியை மாற்றுங்கள்.

எஞ்சினில் போல்ட்டை முதலில் கையால் சில மரை ஏற்றிவிட்டு அப்புறம் ஸ்பேனரை எடுங்கள். அது போய் உட்காருவது அலுமினியத்தில், கோணலாக ஏற்றினால் மரை போய்விடும். இறுக்கத்துக்கு உங்கள் வண்டியின் சர்வீஸ் மேனுவலில் உள்ள அளவைப் பார்த்து டார்க் ரென்ச்சில் (குறித்த அளவுக்கு இறுக்கும் ஸ்பேனர்) இறுக்குங்கள். அப்புறம் மற்ற புல்லிகளின் பள்ளங்களைத் துணியால் துடைத்து, ஆயில் ஒட்டியிருந்தால் பிரேக் கிளீனரால் சுத்தம் செய்துவிட்டு, எடுத்த போட்டோவைப் பார்த்துப் பெல்ட்டை மாட்டுங்கள். பழைய பெல்ட்டில் ஆயில் ஊறியிருந்தாலோ ஓரம் பிரிந்திருந்தாலோ இப்போதே புதியதைப் போடுங்கள், அது எதற்கு மறுபடி கழற்றும் வேலை. இந்த முறை பெல்ட்டுக்குக் கொடுக்கிற பணம் வீண் போகாது.

பழைய ஆல்ட்டோ, வேகன்ஆர் போன்ற, தானாக இறுக்கும் டென்ஷனர் இல்லாத வண்டிகளில் ஆல்டர்நேட்டரைத் தள்ளி வைத்துத்தான் பெல்ட்டை இறுக்குவார்கள். இங்கே சத்தம் போகட்டும் என்று விடாமல் இறுக்குவது பெரிய கெடுதல், ஆல்டர்நேட்டர் பேரிங்கும் வாட்டர் பம்ப் பேரிங்கும் அதிலேயே போகும். மேனுவல் கையில் இல்லையென்றால், இரண்டு புல்லிகளுக்கு இடையே பெல்ட்டின் நீளமான பகுதியை இரண்டு விரலால் முறுக்கிப் பாருங்கள், கால் திருப்பத்துக்கு மேல் போகாமல் இருந்தால் ஏறக்குறைய சரி. புது பெல்ட் சில நூறு கிலோமீட்டரில் கொஞ்சம் தளரும், அப்போது ஒருமுறை பார்த்து இறுக்கிக்கொள்ளலாம். டென்ஷனரும் இல்லை, தள்ளி இறுக்கும் வசதியும் இல்லை என்றால் அது இழுபடும் வகை பெல்ட், கழற்றினால் திரும்பப் போடக்கூடாது, மாட்டவும் தனி டூல் வேண்டும்.

ஸ்டார்ட் செய்வதற்கு முன், கிராங்க் போல்ட்டில் ஸ்பேனர் வைத்து எஞ்சின் ஓடும் திசையில் இரண்டு சுற்று கையாலேயே சுற்றி, பெல்ட்டின் ஒவ்வொரு வரியும் அதனதன் பள்ளத்தில் உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். ஒரு வரி விளிம்புக்கு வெளியே தொங்கினால் ஸ்டார்ட் செய்த சில நிமிடங்களில் பெல்ட் கிழியும். அந்தக் கிழிந்த நூல் டைமிங் பெல்ட் உள்ள எஞ்சின்களில் கிராங்க் புல்லிக்குப் பின்னால் புகுந்து டைமிங் பெல்ட்டையும் சேர்த்துக் கெடுத்துவிடும், அப்புறம் செலவு லட்சத்தை நோக்கிப் போகும். எல்லாம் சரியென்றால் பேட்டரியை மாட்டி ஸ்டார்ட் செய்து, ஏசி, ஹெட்லைட் எல்லாவற்றையும் போட்டு, மல்டிமீட்டரால் பேட்டரியில் வோல்டேஜ் பாருங்கள். ஏறக்குறைய 13.8 முதல் 14.4 வோல்ட் வந்தால் ஆல்டர்நேட்டர் ஒழுங்காகச் சுற்றுகிறது. நவீன வண்டிகள் சிலவற்றில் ஆல்டர்நேட்டரைக் கம்ப்யூட்டர் கட்டுப்படுத்துவதால் இது கொஞ்சம் முன்னே பின்னே இருக்கலாம்.

ஒரு வாரம் ஓட்டிய பிறகு பானெட்டைத் திறந்து பெல்ட்டின் இரண்டு ஓரத்தையும் டார்ச் அடித்துப் பாருங்கள். ஒரு பக்க ஓரம் மட்டும் பளபளவென்று தேய்ந்திருந்தாலோ, புல்லியைச் சுற்றி கருப்புப் பொடி சேர்ந்திருந்தாலோ புதுப் புல்லி நேராக உட்காரவில்லை. போல்ட்டைக் கழற்றிப் பின்னால் உள்ள ஸ்பேசரைச் சரிபாருங்கள்.